பக்கத்து சீட் ஆள்

பஸ் சீட்டின் பெல்ட் மாட்டிக்கொள்ள மறுத்தபோது "சனியனே" என்று அவன் முணுமுணுத்ததுதான் வினையாகிப் போயிற்று. சன்னலோரம் கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாள் சடாரென்று திரும்பினாள்.

"தமிழா தம்பி?"

இல்லையென்று சொல்ல இனி வழியில்லை. "ஆமாங்க."

"அப்பாடா. ப்ளேன்ல ஏறினதுலேருந்து வாயைத் திறக்கல. பேச்சே மறந்துபோச்சோன்னு பயந்துட்டேன்."

மறக்கவில்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. மகள் இந்த நாட்டுக்கு வாழ வந்தது, இப்போது நிறைமாதமாக இருப்பது, மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காததால் தானே பஸ் பிடித்துப் போவது, பக்கத்து வீட்டுக்காரி பொறாமையில் வழியனுப்பக்கூட வராதது என்று ஒன்று விடாமல் சொன்னாள்.

அவன் குளிர்பதன மெக்கானிக். இந்த நாட்டுக்கு வந்து வெகுகாலமாகிவிட்டது. ஒரு மீன் கிடங்கில் மெஷின் படுத்துவிட்டதென்று கம்பெனி அவனை அனுப்பியிருந்தது. அதைத் தூக்கி நிறுத்துவதற்குள் தூக்கம் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. பஸ்ஸில் கண்ணை மூடினால் ஊர் வந்துதான் திறப்பது என்று நினைத்து ஏறியவன் அவன். அவளோ கண் அசரும்போதெல்லாம் தோளைத் தட்டினாள். அந்தப் போர்டில் என்ன எழுதியிருக்கு தம்பி? டிரைவர் மைக்கில் என்ன சொல்றார் தம்பி? அந்த மாடு என்ன ஜாதி தம்பி?

"தெரியலக்கா," என்றான் கடைசியில்.

"அக்கான்னு கூப்பிட்ட பாரு, அது போதும்," என்று அதற்கும் மகிழ்ந்து போனாள்.

மதியச் சாப்பாட்டுக்கு பஸ் நெடுஞ்சாலையோரத்து உணவகம் ஒன்றில் நின்றது. அவனுக்குப் பசியைவிடத் தூக்கம் பெரிதாக இருந்தது. அவள் கைப்பையை அவனிடம் நீட்டினாள். "பாத்ரூம் போய்ட்டு வந்துடறேன். பை உங்கிட்ட இருக்கட்டும். பஸ்ஸை எடுத்துடப் போறாங்க, பாத்துக்க." சரியென்று பையை அவள் சீட்டில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினான். அந்த அமைதி அவனுக்கு அமிர்தமாக இருந்தது.

ஆட்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். டிரைவர் சீட்டுகளுக்கு நடுவே வந்து எட்டிப் பார்த்து, காலியாகக் கிடந்த சீட்டைக் காட்டி, பக்கத்து ஆள் வந்தாச்சா என்று அந்நாட்டு மொழியில் கேட்டார். அவன் பாதிக் கண்ணைத் திறந்தான். தலையை ஆட்டினான்.

பஸ் கிளம்பியது.

அவன் விழித்துக்கொண்டது போன் அடித்ததால்தான். சத்தம் பைக்குள்ளிருந்து வந்தது. பை மட்டும்தான் இருந்தது. பின்சீட்டுகளைத் திரும்பிப் பார்த்தான், எழுந்து நின்றும் பார்த்தான். அவள் எங்குமில்லை. பாஸ்போர்ட், போன், எல்லாம் பைக்குள். மொழி தெரியாத நாட்டில் வெறுங்கையோடு ஒரு பெண்பிள்ளை.

டிரைவரிடம் ஓடியிருக்க வேண்டும். அவன் உட்கார்ந்தான். நீதானே வந்தாச்சு என்றாய் என்று டிரைவர் கேட்பார், பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. தானாக நின்றுவிடும் என்று காத்திருந்தான். நிற்கவில்லை. எடுத்தான்.

"அம்மா?" என்றது ஓர் இளம் குரல்.

"நான் பக்கத்து சீட்டுங்க," என்றான். அடுத்து என்ன சொல்வது என்று அவன் யோசிப்பதற்குள் வாயே சொல்லிவிட்டது. "அம்மா தூங்குறாங்க."

"ஓ. சரி, எழுப்ப வேணாம். பாவம், அலுப்பா இருக்கும்." குரல் கொஞ்சம் தயங்கியது. "இடுப்புல ஏதோ விட்டுவிட்டு வலிக்குது. இது அந்த வலிதானான்னு அம்மாகிட்ட கேக்கணும். எழுந்ததும் கூப்பிடச் சொல்றீங்களாண்ணா?"

"சொல்றேம்மா."

போனை வைத்தான். அந்தப் பெண் இப்போது வலியைப் பொறுத்துக்கொண்டு அம்மா எழுந்திருப்பதற்காகக் காத்திருப்பாள். அதற்கு மேல் அவனால் உட்கார முடியவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு டிரைவரிடம் போய் நடந்ததைச் சொன்னான். டிரைவர் வண்டியைத் திருப்ப அதிகாரமில்லை என்றார். திட்டவில்லை. கண்ணாடியில் ஒரு தடவை அவனைப் பார்த்தார், அவ்வளவுதான். அடுத்த நிறுத்தத்தில் அவனையும் அவள் பெட்டியையும் இறக்கிவிட்டு, எதிர்ச்சாரியைக் காட்டினார்.

எதிர்ப்பக்கம் பஸ் வருவதற்குள் அவன் உயிர் போய் உயிர் வந்தது. உணவகத்துக்குள் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடியபோது அவள் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். துடைப்பம் பிடித்த பணிப்பெண் ஒருத்தி பக்கத்தில் நின்று அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். முன்னால் ஒரு கோப்பை தேநீர் ஆடை படிந்து ஆறிக் கிடந்தது. அழுது முடித்த முகம். அவனைப் பார்த்ததும் மலர்ந்தது.

"நீ வருவேன்னு எனக்குத் தெரியும். பின்பக்கக் கதவு வழியா வெளிய போய்ட்டேன், ஒரே லாரியா நிக்குது, வழியே புரியல. வந்து பாத்தா பஸ்ஸைக் காணோம். இந்தப் பொண்ணுகிட்ட கையைக் காட்டிச் சொல்லிட்டே இருந்தேன், என் தம்பி ஒருத்தன் அதுல இருக்கான், விடமாட்டான்னு."

"உங்க பொண்ணு கூப்பிட்டாங்க, இடுப்பு வலிக்குதாம், முதல்ல பேசுங்க," என்று மட்டும் சொல்லிப் பையைக் கொடுத்தான். அவள் மகளை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"தூங்கி எழுந்தாச்சாம்மா?"

"தூங்கினேனா? யார் சொன்னா?"

"போனை எடுத்தவர்தான் சொன்னார்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"ஆமாமா, இப்பதான் எழுந்தேன்," என்றாள் மகளிடம். "வலி எப்படி இருக்கு, அதைச் சொல்லு." கேட்டாள், கேட்டாள், பிறகு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னாள். நான் வர்றவரைக்கும் காத்திருக்காதே, மாப்பிள்ளையைக் கூப்பிடு, இப்பவே போ. குரலில் ஒரு நடுக்கமும் காட்டவில்லை. போனை வைத்த பிறகுதான் கை மேசையைப் பிடித்துக்கொண்டது.

"பஸ் எடுக்கும்போது நீ எங்க இருந்த?"

"சீட்லதான்."

"டிரைவர் கேக்கலையா?"

"கேட்டார். வந்தாச்சுன்னு தலையாட்டினேன்."

"தூக்கத்துலயா?"

அவளே ஒரு கதவைத் திறந்து வைத்தாள். ஆமாம் என்று சொல்லி அதில் நுழைந்துகொள்ளலாம். அவனுக்கு அது பிடிபட்டது. மனம் வரவில்லை.

"முழுத் தூக்கம் இல்லக்கா. சீட் காலியா இருந்தது தெரிஞ்சுது. கொஞ்ச நேரம் பேச்சில்லாம இருந்தாப் போதும்னு இருந்துச்சு. பின்னால எங்கயாவது இருப்பீங்கன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன்."

பணிப்பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தோடு நகர்ந்தாள்.

"பேசாதீங்கன்னு சொல்லியிருந்தா பேசாம இருந்திருப்பேனே," என்றாள். "மறந்துட்டேன்னா அது வேற. ஆனா வலியில கிடக்குற பொண்ணுகிட்ட..." முடிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி. அடுத்த பஸ் எப்பன்னு கேட்டுட்டு வாங்க."

வாங்க. காலையிலிருந்து நீ, வா, போ என்று உரிமையோடு வந்த வாய். இந்த மரியாதை அவன் கன்னத்தில் விழுந்த அறையாக இருந்தது.

அடுத்த பஸ்ஸில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றான். "உக்காருங்க," என்றாள். வழியெல்லாம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்குத் தூக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒருமுறை போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டார்கள், அது பிரசவ வலி இல்லையாம், வீட்டுக்கே அனுப்பிவிட்டார்களாம். அவள் கண்ணை மூடி மூச்சு விட்டாள். அவன் மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான். அவள் பார்த்தாளோ இல்லையோ, கேட்கவில்லை.

இறங்கும் இடத்தில் மாப்பிள்ளை நின்றிருந்தார்.

"சாப்பிட்ட இடத்துல பஸ்ஸை விட்டுட்டேன் மாப்பிள்ளை. இவர் இறங்கித் திரும்பி வந்து கூட்டிட்டு வந்தார்," என்றாள் அவள். அதில் பொய் எதுவுமில்லை. மாப்பிள்ளை அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இந்தக் காலத்தில் யார் இப்படிச் செய்வார்கள், வீட்டுக்கு வாங்க, சாப்பிட்டுத்தான் போகணும் என்றார். அவர் சொல்லச் சொல்ல இவனுக்கு உடம்பு கூசியது.

"விட்டுட்டு வந்ததே நான்தாங்க," என்றான். "தெரிஞ்சேதான். உங்க வீட்டம்மாகிட்டப் பொய் சொன்னதும் நான்தான்."

அந்தக் கைப்பிடி தளர்ந்தது. மாப்பிள்ளை மாமியாரைப் பார்த்தார்.

"அதை இப்ப எதுக்குக் கிளறணும்?" என்றாள் அவள். "காரை எடுங்க, அவ தனியா இருப்பா."

மாப்பிள்ளை பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் போனார். அவள் கார்க் கதவருகே நின்று திரும்பினாள்.

"காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல நீங்க. வெறும் வயித்தோட படுத்துடாதீங்க, தம்பி."

கார் வளைந்து மறைந்தது. அவன் வீட்டுக்குப் போகும் டவுன் பஸ் வந்து நின்றது. அந்தக் கடைசி 'தம்பி' காதிலேயே நிற்க, அதில் ஏறத் தோன்றாமல், அடுத்ததற்குக் காத்திருந்தான்.