துண்டை இரண்டு முறை உதறினால்

அந்தக் கட்டடக் கம்பெனிக்காரர்களுக்குத் தொழிலாளிகள் மேல் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது. பொங்கினால் சும்மா இருப்பார்களா? கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு ஆளுக்கொரு கறுப்புப் பட்டை கொடுத்து, இரவு பகல் மணிக்கட்டிலேயே கட்டியிருக்கச் சொன்னார்கள். எத்தனை மணி நேரம் தூங்கினாய், தூக்கத்தில் நெஞ்சு எப்படி அடித்தது என்று குறித்து அது கம்பெனிக்கு அனுப்பிவிடும். நன்றாகத் தூங்கினால் காலையில் பச்சை விளக்கு. தூங்காவிட்டால் சிவப்பு. மாதத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் கிரேனை விட்டு இறங்கிக் கீழே கம்பி சுமக்கப் போக வேண்டியதுதான். எல்லாம் உன் நல்லதுக்குத்தானப்பா என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

படுக்கையில்கூட விடாமல் வேவு பார்க்கிறதே என்று வேலையாட்கள் அந்தப் பட்டைக்கு மாமியார் என்று பேர் வைத்தார்கள். "என்னண்ணே, மாமியார் இன்னிக்குச் சிரிச்சாளா, மொறைச்சாளா?" இதுதான் காலையில் அங்கே விசாரிப்பு.

எல்லாரும் சிரித்தார்கள். நம் கிரேன்காரனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அவனுக்குத் தூக்கம் போய் மூன்று மாதமாகியிருந்தது.

அவன் வேலை தரையில் இல்லை. கட்டி முடியாத கட்டடத்தின் பக்கத்தில் அதைவிட உயரமாய் நிற்கிற கோபுரக் கிரேனின் உச்சியில், ஒரு கண்ணாடிக் கூண்டில். காலையில் இருபது நிமிஷம் ஏணி ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவான். சாப்பாடும் மேலேதான், மற்றது ஒரு காலி பாட்டிலில். கீழே நிற்கிற சிக்னல்காரன் வயர்லெஸ்ஸில் சொல்லச் சொல்ல, இவன் பாரத்தைத் தூக்கி, திருப்பி, இறக்க வேண்டும். இவனுக்குத் துணையாய் இருந்த இன்னொரு ஆளை வேலையை விட்டு அனுப்பிவிட்டுப் புது ஆள் போடவேயில்லை. இரண்டு ஆள் வேலை இவன் ஒருத்தன் தலையில் விழுந்தது. அப்படி ஒருநாள் அசதியில் கை அரை நொடி பிந்தியது. ஒரு கம்பிக்கட்டு ஆடிப்போய், கீழே நின்ற பதினாறு பேர் தலைக்கு மேலாக வீசிக்கொண்டு திரும்பியது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. சூப்பர்வைசர் வயர்லெஸ்ஸில் கத்தினார்: "அதான் ஒண்ணும் ஆகலையே! கனவு காணாம அடுத்ததைத் தூக்குய்யா!"

அன்றிலிருந்து கண்ணை மூடினால் போதும், அந்தக் கட்டு ஆட ஆரம்பித்துவிடும்.

வேலையை விடலாமே என்பீர்கள். வாய் சொல்லும், எளிதாகச் சொல்லும். அவனும் மனைவியும் இருந்த அறையே கிரேன் ஓட்டுகிறவனுக்கென்று கம்பெனி கொடுத்தது. சீட்டை விட்டு இறங்கினால் அறையும் போகும். மகள் வேறு ஊரில் விடுதியில் இருந்து படிக்கிறாள், இன்னும் ஒரு வருஷம் பாக்கி. அந்த ஒரு வருஷத்தைத் தாண்டுவதற்காக அவன் மனைவி வீட்டைச் சுருக்கிச் சுருக்கி ஒரு டப்பாவுக்குள் அடைத்துவிட்டாள். ஒரே பல்பு. டீ கிடையாது. பஸ் கிடையாது. அவனுக்கு முடிவெட்டுவதும் அவள்தான், பின்னந்தலையில் எலி கடித்த மாதிரி இருக்கும், கேட்டால் "மேகத்துக்குள்ள உக்காந்திருக்கிற ஆளை யார் பாக்கப் போறா?" என்பாள். தினம் ஒரு முட்டை, அது அவன் தட்டுக்கு. அவள் அந்தக் குடியிருப்பில் இருந்த ஆண்களின் துணிகளைக் கூலிக்குத் துவைத்து, ஈர வாளியோடு மூன்று மாடி ஏறி மொட்டைமாடியில் காயப்போடுவாள்.

ஒருமுறை நலவாழ்வு அதிகாரி என்று ஒரு இளைஞர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை. குடும்பத்தோடு வரச்சொல்லி, படம் போட்டுக் காட்டி, மன அழுத்தத்தைத் தணிக்கப் பத்து வழி சொன்னார். எண்ணெய் மசாஜ், மலைப்பிரதேசம், வாரம் ஒருமுறை வெளியில் சாப்பாடு என்றெல்லாம் அடுக்கினார்.

"அந்தத் தம்பி சொன்னதுல காசு கேக்காதது நாலு இருக்கு. அதை மட்டும் எடுத்துக்குவோம்" என்றாள் அவள். வெந்நீர் குடி, மூச்சை இழுத்து விடு, நட, தினம் ஒரு தடவை மனசுக்குப் பிடித்ததைப் பார். நாலாவதுக்கு அவளே வழி செய்தாள். கூண்டிலிருந்து பார்த்தால் அவர்கள் மொட்டைமாடி நன்றாகத் தெரியும். காலை பதினோரு மணிக்குத் துணி காயப்போட வரும்போது ஒரு வெள்ளைத் துண்டை அவன் பக்கமாகப் பார்த்து இரண்டு முறை உதறுவாள். நான் நல்லாயிருக்கேன், நீங்களும் நல்லா இருங்க என்று அர்த்தம். அவன் கூண்டின் விளக்கை ஒருமுறை போட்டு அணைப்பான். ஐம்பதை நெருங்குகிற வயசில் இதெல்லாம் என்ன கூத்து என்று கேட்காதீர்கள். அந்த ஒரு நிமிஷத்தில்தான் அவன் ஒழுங்காய் மூச்சு விட்டான்.

ஆனால் வெந்நீருக்கும் மூச்சுக்கும் மாமியார் மசியவில்லை. முதல் வாரத்திலேயே இரண்டு சிவப்பு. பட்டையைப் பார்த்துக்கொண்டே படுத்தால் எவனுக்குத் தூக்கம் வரும்?

"எனக்குத்தான் படுத்தா அடிச்சுப்போட்ட மாதிரி தூக்கம் வருதே" என்றாள் அவள். "அவளை இங்க குடுங்க. ராத்திரிக்கு நான் கட்டிக்கிறேன்."

"கண்டுபிடிச்சுட்டா?"

"உங்க மாமியாருக்கு மூஞ்சியா தெரியும்? துடிப்பு மட்டுந்தானே."

மறுநாள் காலை பச்சை. அதற்கு மறுநாளும் பச்சை. இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், பட்டையைக் கழற்றிக் கொடுத்த பத்தாம் நாள் அவனுக்கே தூக்கம் வந்துவிட்டது. வேவு பார்க்கிறவள் போனதும் கட்டு ஆடுவது நின்றது. அப்போதாவது பட்டையைத் திருப்பி வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. "நல்லா ஓடுறதை ஏன் மாத்தணும்? என் கை ராசியான கை" என்றாள் அவள், அவனும் ஆமாம் போட்டான். தினமும் இரவு கை மாறும், காலையில் கை மாறும். இப்படியே நாலு மாதம் போயிற்று.

அந்த நாலு மாதத்தில் அவன் கன்னத்தில் சதை போட்டது. அவள் மாடிப்படியில் நின்று நின்று ஏறத் தொடங்கியிருந்தாள். ஏன் நிற்கிறாய் என்றால், "இரண்டாவது மாடிக்காரி செருப்பைப் பாருங்க, எவ்வளவு அழகா அடுக்கி வெச்சிருக்கா" என்பாள். அவனும் செருப்பைப் பார்ப்பான்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, கம்பெனி மருத்துவரிடம் உடனே வரச் சொல்லித் தாள் வந்தது. தொழில் போச்சு என்றே நினைத்துக்கொண்டு போனான். மருத்துவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்ட ஒரு வயசான அம்மாள், அவனைப் படுக்கவைத்து நெஞ்சில் வயர்களை ஒட்டினார். ஓடச் சொன்னார், குனியச் சொன்னார், மறுபடி படுக்கவைத்தார். கடைசியில் கம்ப்யூட்டரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பதினோரு ராத்திரியா உங்க இதயம் தாறுமாறா ஓடுதாம். திடீர்னு குதிரை மாதிரி ஓடி, அப்புறம் நின்னு நின்னு அடிக்குதாம். இது நிஜமா இருந்தா உங்களைத் தூக்கிட்டுல்ல வந்திருக்கணும்! நீங்க என்னடான்னா இரும்பு மாதிரி இருக்கீங்க. பட்டைதான் கெட்டுப்போச்சு. வேற எழுதித் தரேன், போய் வேலையைப் பாருங்க."

அவனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. புதுப் பட்டையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான். வழியில் இரண்டு முட்டை வாங்கினான். இரண்டு! அவளுக்கும் ஒன்று. அந்த அம்மாள் மாதிரியே கண்ணாடியை நெற்றியில் ஏற்றிப் பேசிக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படி ஏறினான். இரண்டாவது மாடியில், அந்தச் செருப்பு அடுக்குக்குப் பக்கத்தில், அவன் கால் நின்றுவிட்டது.

பட்டை கெட்டுப்போகவில்லை. பதினோரு ராத்திரியும் அது யார் கையில் இருந்தது?

அவள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் "இறக்கிட்டாங்களா?" என்றாள்.

"இல்ல. எனக்கு ஒண்ணுமில்லையாம்." முட்டைகளைக் கீழே வைத்தான். "ராத்திரியில உனக்கு நெஞ்சு அடிச்சுக்குதா?"

அவள் ஒரு சட்டையை மடித்து முடித்தாள். "எப்பவாவது. வாயுவா இருக்கும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உங்க தூக்கம் போகும். தூக்கம் போனா சீட் போகும்." காய்கறிக் கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். அவனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"கிளம்பு. இப்பவே அந்த டாக்டரம்மாகிட்டப் போவோம். அவங்ககிட்ட பதினோரு நாளும் பதிவாகி இருக்கு. உண்மையைச் சொல்லிடுறேன்."

"சொல்லி? ஏமாத்தினேன்னு நாளைக்கே ரூமைக் காலி பண்ணச் சொல்லுவான். பொண்ணு பரீட்சை நேரத்துல நடுத்தெருவுல நிக்கணுமா? சனிக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில நெஞ்சுக்கு இலவசமாப் பாக்குறாங்க. அன்னிக்கு உங்களுக்கும் லீவு. நடுவுல மூணே நாள். ஓடியா போயிடுவேன்?"

அவனுக்கு உள்ளுக்குள் ஒரு மூலையில், அப்பாடா, சீட் தப்பித்தது என்று ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. படுபாவி மனுஷன், சரி என்றான். "அதுவரைக்கும் வாளி தூக்காதே" என்று மட்டும் சொன்னான். அவள் தலையாட்டினாள். அன்று இரவு அவள் வெறுங்கையோடு படுத்தாள். புதுப் பட்டை அவன் கையில் இருந்தது, காலையில் பச்சையும் காட்டியது.

புதன்கிழமை அவள் துண்டை இரண்டு முறை உதறினாள். கூண்டு விளக்கும் பதில் சொன்னது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அவன் கொக்கியில் ஒரு பெரிய கம்பிக்கட்டு தொங்கியது. பாதி உயரத்தில் இருந்தது, கீழே முப்பது பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஓரக்கண்ணால் மொட்டைமாடியைப் பார்த்தான். வாளியைத் தூக்கிக்கொண்டுதான் வந்திருந்தாள். சொன்ன பேச்சை எந்தக் காலத்தில் கேட்டாள்! ஒரு பெரிய போர்வையைக் கொடியில் போட்டாள். வெள்ளைத் துண்டை எடுத்து அவன் பக்கம் திரும்பினாள். ஒருமுறை உதறினாள்.

இரண்டாவது உதறலுக்கு அவன் காத்திருந்தான். துண்டு கையிலிருந்து நழுவியது. அவள் கொடிக்கம்பத்தைப் பிடிக்கப் போன மாதிரி இருந்தது, பிடிக்கவில்லை.

"டேய்! என் வீட்டு மொட்டைமாடிக்கு ஓடுடா! அவ விழுந்துட்டா!" வயர்லெஸ்ஸில் அலறினான்.

"அண்ணே, லோடு மேல நிக்குது. நான் போயிட்டா உங்களுக்குக் கீழ யார் வழி சொல்றது?" என்றான் சிக்னல்காரன்.

"நான் புடிச்சுக்கிறேன். இறக்கவும் மாட்டேன், நகத்தவும் மாட்டேன். நீ ஓடு, உன் காலைப் புடிக்கிறேன், ஓடு!"

சிக்னல்காரன் ஓடினான். இவனால் ஓட முடியாது. ஏணி இறங்கவே கால்மணி நேரம் ஆகும். கையை எடுத்துவிட்டு எழுந்தால், காற்று ஒரு தட்டுத் தட்டினால், கீழே முப்பது பேர். இரண்டு கையாலும் கிரேனின் பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண் மொட்டைமாடியில் இருந்தது, கை பிடியில் இருந்தது. காற்று வந்தது. வருவதற்குள் கை தானாக ஈடுகொடுத்தது. நாலு மாதம் நன்றாகத் தூங்கிய கை. அரை நொடிகூடப் பிந்தவில்லை. கட்டு ஒரு சாண்கூட ஆடவில்லை.

மணிக்கட்டில் புதுப் பட்டை கிர்ர், கிர்ர் என்று அதிர்ந்தது. சிவப்பு விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது.

மொட்டைமாடிக்கு ஒவ்வொருத்தராக வந்தார்கள். சிக்னல்காரனின் மஞ்சள் தொப்பி தெரிந்தது. அவன் குனிந்து அவள் நெஞ்சை இரண்டு கையாலும் அழுத்தினான், அழுத்திக்கொண்டே இருந்தான். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். அப்புறம் மஞ்சள் தொப்பி நிமிர்ந்தது. தொப்பியைக் கழற்றினான். இரண்டாவது மாடிக்காரி கொடியில் கிடந்த அந்த ஈரப் போர்வையை உருவி, அவள் கால் முதல் தலை வரைக்கும் இழுத்துவிட்டாள்.

வயர்லெஸ் கரகரத்தது. சிக்னல்காரன்தான். "அண்ணே... நீங்க கீழ இறங்கி வாங்கண்ணே."

கிரேன்காரன் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"லோடு இருக்குடா" என்றான். "வழி சொல்ல ஆள் அனுப்பு."