அஞ்சுகம் அடுக்கிய கூத்துக் கட்டு

கிணற்றடிக் காலனியில் யாருடைய சீட்டு எந்த வீட்டுச் சீட்டுக்கட்டில் இருக்கிறதோ, அந்த ஆள் அந்த வீட்டில்தான் குடியிருக்க வேண்டும். பால் பாக்கெட்டோடு வாரம் ஐந்து சீட்டு வரும். வேண்டியதைக் கட்டில் சேர்த்துக்கொண்டு, வேண்டாததை ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத் தண்ணீர்த் தொட்டி நிழலில் மாற்றிக்கொள்வார்கள். கொடுக்கிறவர் கவிழ்த்துத்தான் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் வீட்டுக்குப் போய்த்தான் திருப்பிப் பார்க்க வேண்டும். அங்கேயே திருப்பிப் பார்த்தால், “என்ன, எங்க மேல நம்பிக்கை இல்லையா?” என்று மூன்று மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். அவ்வளவு மரியாதை தெரிந்த ஜனங்கள்.

இந்த மரியாதையால்தான் பன்னிரண்டாம் நம்பர் வீட்டு அஞ்சுகம் தன் புருஷனைக் கொடுத்துவிட்டாள். அவளிடம் ஈரத்துண்டுச் சீட்டு இரண்டு இருந்தது. ஒன்றை எதிர்வீட்டு ஜெபமணி சாரிடம் கொடுத்து ஒரு குடையை வாங்கினாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஈரத்துண்டு இரண்டும் அப்படியே இருக்கிறது. புருஷன் தங்கப்பழத்தின் சீட்டைக் காணோம். அதற்குள் தங்கப்பழம் நாலு சட்டையை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான்.

“குடையா வாங்கின?” என்றான்.

“ஆமாங்க.”

“சரி, மழைக்கு ஆகும்.” தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போனான்.

தங்கப்பழம் பஸ் ஸ்டாண்டில் சலூன் வைத்திருந்தான். ஊரில் எல்லா சலூனுக்கும் போல அவனுக்கும் செவ்வாய்க்கிழமைதான் லீவு. அன்றைக்கு மத்தியானம் இரண்டு பேரும் பாயை விரித்து, ரேடியோவைப் போட்டுக்கொண்டு, சாயந்திரம் வரை வெட்டிக்கதை பேசுவார்கள். வாரத்துக்கு ஒரு நாள், அதுவும் அரை நாள். இப்போது அந்த அரை நாளும் ஜெபமணி சார் வீட்டுக் கூடத்தில் போய்க்கொண்டிருந்தது. அஞ்சுகத்துக்குச் செவ்வாய் வந்தால் சோறு இறங்கவில்லை. வாய்விட்டே சொல்லிவிடலாம், அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

ஜெபமணி சார் கெட்டவர் இல்லை. சர்வே இலாகாவில் இருந்து ரிட்டயர் ஆனவர், தனி ஆள். நாற்பது சீட்டையும் அளவு பிசகாமல் அடுக்கி வைத்திருப்பார். தங்கப்பழத்தை நாற்காலிக்கும் நிலைக்கண்ணாடிக்கும் நடுவில் செருகியிருந்தார். அஞ்சுகம் திருப்பிக் கேட்டதற்கு, “ஆட்டத்துல ஜெயிச்சு எடுத்துக்கிடுங்கம்மா, அதுதானே முறை. ஆனா ஒண்ணு, வர்ற திங்கட்கிழமை கட்டை லேமினேஷன் பண்ணக் குடுக்கேன்” என்றார்.

லேமினேஷன் பண்ணிய சீட்டு கை மாறாது. அஞ்சுகத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

ஆட்டம் சுலபம். ஒருவர் சீட்டை இறக்கினால் அதில் இருப்பது நிஜமாகவே வந்து சேரும். எதிராளி பதில் சீட்டு வைக்க வேண்டும். வைத்துவிட்டால் இறக்கியவருக்கு அந்தச் சீட்டு போனது போனதுதான். பதில் இல்லையென்றால் எதிராளியின் கட்டிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உருவிக்கொள்ளலாம்.

அஞ்சுகம் ஏற்கெனவே இரண்டு முறை ஆடித் தோற்றிருந்தாள். நல்ல நல்ல சீட்டாகத்தான் சேர்த்திருந்தாள். லாரியை இறக்கினாள். தெருமுனையில் ஹாரன் கேட்டது. சார் செவ்வாய்க்கிழமையை எடுத்து வைத்தார். லாரி அப்படியே பின்னால் போய், செவ்வாயன்று வந்து ஆளில்லாத தொட்டியடியில் நின்றுவிட்டுப் போனது. காளையை இறக்கினாள், அதையும் செவ்வாய்க்குத் தள்ளினார். அந்த ஒரு சீட்டை வைத்துக்கொண்டு மனுஷன் வரப்போகிற எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டே இருந்தார்.

வியாழக்கிழமை தங்கப்பழம் எதிர்வீட்டு மாடியில் சாரின் வேட்டியை உலர்த்திக்கொண்டிருந்தான்.

“என்னங்க, சாப்டீங்களா?”

“ஆச்சு. இங்க எல்லாம் மணியடிச்ச மாதிரி.” துணிக்கு கிளிப் மாட்டினான். “ஒன் கட்டு ரொம்ப ஒழுங்கா இருக்கு அஞ்சுகம். ஒழுங்கா வர்றதுக்கெல்லாம் சார்கிட்ட பதில் இருக்கு.”

“அதுக்கு?”

“கூத்தடிக்கிற கட்டா ஒண்ணு அடுக்கு. நான் இப்ப இந்த வீட்டு ஆளு, இதுக்கு மேல சொல்லக்கூடாது.” வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

அஞ்சுகம் லாரி, காளை மாதிரி மிச்சமிருந்த நல்ல சீட்டையெல்லாம் ஆசையாகக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டாள். வீடு வீடாகப் போய், யாருக்கும் வேண்டாத சீட்டாகப் பொறுக்கினாள். நாலாம் நம்பரில் கிரைண்டர் ஆடாமலிருக்க ‘ஒற்றைச் செருப்பை’ முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஏழாம் நம்பரில் ‘வயர் இல்லாத மைக் செட்’ ஜன்னல் இடுக்கில் கிடந்தது. ‘பாதித் தும்மல்’ மூன்று கிடைத்தது. ‘சொல்லாமல் வந்த விருந்தாளிகள்’ சீட்டை ஒன்பதாம் நம்பர் அம்மாள் கும்பிடாத குறையாகக் கையில் திணித்தாள். எல்லாவற்றையும் தரையில் பரப்பி, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் அடுக்க அடுக்க அஞ்சுகத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து எத்தனை நாளாயிற்று!

ஞாயிறு நாலு மணி. சார் ஸ்டூலில் உட்கார்ந்தார். தங்கப்பழம் அவருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அஞ்சுகம் பாதித் தும்மலை இறக்கினாள். சாருக்கு மூக்கு விடைத்தது, கண் சொருகியது, அதோடு நின்றுவிட்டது. சார் கைக்குட்டையைப் பதில் வைத்தார். முகம் மட்டும் தும்மப் போகிறவர் முகமாகவே இருந்தது. அடுத்து ஒற்றைச் செருப்பு. அது அவர் காலடியில் பொத்தென்று விழுந்தது. சார் செருப்பு ஸ்டாண்டைத் தொட்டுப் பார்த்தார், அது ஜோடிக்குத்தான் செல்லும். செவ்வாய்க்கிழமையைத் தொட்டுப் பார்த்தார். வரப்போவதைத்தான் தள்ளலாம், வந்து விழுந்ததைத் தள்ள முடியாது.

“பதில் இல்ல, உருவுங்கம்மா” என்றார்.

அஞ்சுகம் கண்ணை மூடி ஒன்றை உருவினாள். திருப்பிப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். நிமிர்ந்து பார்த்தாள். தங்கப்பழம் நின்ற இடத்திலேயே நின்றான். வந்தது அவன் சீட்டு இல்லை.

“இறக்குங்கம்மா.”

விருந்தாளிகளை இறக்கினாள். காலனி கேட்டில் பதினோரு பேர் பெட்டியும் தூக்குவாளியுமாக வருவது தெரிந்தது. சாரின் விரல் பழக்கத்தில் கட்டின் இடது ஓரத்துக்குப் போனது. அங்கே துழாவியது. மறுபடி துழாவியது. “இங்கதான வச்சிருந்தேன்” என்றார். விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். சார் நாற்காலியை வைத்தார். ஒரே நாற்காலி. “நீங்க உக்காருங்க.” “சே, நீங்க பெரியவங்க, நீங்க உக்காருங்க.” பதினோரு பேரும் ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டே நின்றார்கள், ஒருவரும் உட்காரவில்லை. பதில் எடுபடுகிறதா என்று சார் ஐந்து நிமிஷம் பார்த்தார். காலனியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

“உருவுங்கம்மா” என்றார்.

அஞ்சுகம் உருவினாள். அதையும் பார்க்காமல் முடிந்துகொண்டாள். பயத்தில் கண்ணைத் திறக்கவில்லை.

“அப்ப சரி சார், வாரேன்” என்றது தங்கப்பழத்தின் குரல்.

அவன் எதிர்வீட்டுக்குப் போய் மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு வந்தான். அஞ்சுகம் “அப்பாடா” என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜெபமணி சார் முகத்திலும் ஒரு நிம்மதி தெரிந்தது. “தப்பா நினைக்காதீங்கம்மா. கையச் சும்மா வைக்காம தெனம் எனக்கு முடி வெட்டுனாரு. இனி வெட்ட ஒண்ணுமில்ல” என்று தலையைத் தடவிக் காட்டினார். பாதித் தும்மலின் மீதி அப்போதுதான் வந்தது.

திங்கட்கிழமை சார் முப்பத்தெட்டு சீட்டை லேமினேஷன் பண்ணிக்கொண்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தங்கப்பழம் பாயை விரித்தான். ரேடியோ பாடியது. வாரக்கணக்கில் பேசாமல் விட்டதையெல்லாம் பேசினார்கள். அப்படியும் பாதிக் கதைதான் ஆனது. சாயந்திரம் வந்துவிட்டது.

மறுநாள் காலை தங்கப்பழம் குளித்து, சட்டை மாட்டி, சலூன் சாவியை ஆணியிலிருந்து எடுத்தான். அஞ்சுகம் அடுப்படியிலிருந்து முந்தானையை உதறிக்கொண்டு வந்தாள். முடிச்சில், முதலில் உருவிய சீட்டு இருந்தது.

“எங்க கிளம்பிட்டீங்க? இன்னைக்கும் செவ்வாய்தாங்க.”

தங்கப்பழம் சீட்டைப் பார்த்தான். சாவியை ஆணியில் மாட்டினான். பாயை விரித்துக்கொண்டே, “நேத்து எதுல விட்டோம்?” என்று கேட்டான். எதிர்வீட்டில் ஜெபமணி சார் புதன்கிழமைக்குப் பால் வாங்கிக்கொண்டிருந்தார்.