நெல் காய்ந்த வாசல்

குத்தாலத்துக்கு வெளியே, வயலைத் தூர்த்துக் கட்டிய அந்த ஆஸ்பத்திரியில் நிலநடுக்கத்துக்கு எல்லா ஏற்பாடும் பக்கா. ஆக்சிஜன் சிலிண்டர்களைச் சங்கிலி போட்டுக் கட்டியாயிற்று. மருந்து பீரோக்களைச் சுவரோடு முடுக்கியாயிற்று. எல்லாம் தலைமை நர்ஸ் எழில்மொழி தொண்டை கிழியக் கத்திச் செய்யவைத்தது. வாசலில் இருந்த சிமெண்ட் களம்தான் பாக்கி. ஆபத்து என்றால் அத்தனை பேரும் ஓடிவந்து நிற்க வேண்டிய இடம் அது. அங்கே முதலாளி டாக்டர் மதிவாணன் வீட்டுச் சம்பா நெல் காய்ந்துகொண்டிருந்தது.

"சார், அது ஜனங்க நிக்கிற எடம்."

"நிக்கட்டுமேம்மா, யாரு வேணாம்னா? நல்லாக் காஞ்சதும் அள்ளிடப்போறோம். நம்ம ஊர்ல பூகம்பம் என்ன, மாசாமாசமா வருது?"

அதற்கு மேல் முதலாளியிடம் என்னத்தைப் பேசுவது? ஒத்திகை நாளன்று மணி அடித்ததும் எல்லாரும் ஒழுங்காகத்தான் வந்தார்கள். போர்டிகோவுக்குக் கீழே நின்று, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, நெல்லில் இறங்கினார்கள். செருப்புக் காலோடு நெல்லை மிதிக்க இந்தப் பக்கத்தில் யாருக்கு மனசு வரும்? எழில்மொழியும் கழற்றினாள். அது தப்பென்று அவளுக்குத் தோன்றவே இல்லை, அதுதான் கொடுமை.

மறுவாரம் தங்கை வானதிக்கு அங்கேயே ஆபரேஷன் செய்து ஆண் குழந்தை பிறந்தது. இங்கேதான் சேர்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் எழில்மொழி. "நான் இருக்கேன்ல தம்பி, என்ன பயம்?" என்று தங்கை புருஷன் சதீஷிடம் பெருமையாக வேறு சொல்லியிருந்தாள்.

உச்சி வெயில் நேரம். கீழ்த்தள வார்டின் ஜன்னலருகே நின்றவள், இன்னும் நெல் அள்ளாத களத்தைப் பார்த்தாள். பொட்டுக் காற்று இல்லை, தென்னையில் ஓர் ஓலை அசையவில்லை. ஆனால் நெல் நகர்ந்துகொண்டிருந்தது. முறத்தில் போட்டுப் புடைக்கிற மாதிரி களம் முழுக்கத் துள்ளித் துள்ளி ஒரு பக்கமாக ஊர்ந்தது. நெல் கொத்திக்கொண்டிருந்த காக்கைகள் எப்போது போயின என்று தெரியவில்லை. திரும்பினால், வார்டில் தொங்கிய குளுக்கோஸ் பாட்டில்கள் அத்தனையும் சேர்ந்தாற்போல ஒரே பக்கம் சாய்ந்தன.

மணியை அடித்தாள். வானதியைச் சக்கர நாற்காலியில் அள்ளிப் போட்டுத் தள்ளினாள். சதீஷ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினான்.

போர்டிகோவில் கூட்டம் நின்றுவிட்டது. ஒருவரும் கத்தவில்லை, தள்ளவில்லை. தலைக்கு மேல் கான்கிரீட் நெறுநெறுவென்று முனகியது. அத்தனை பேரும் கோயில் வாசலுக்கு வந்தவர்கள் போலக் குனிந்து, நிதானமாகச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒழுங்கைப் பழக்கியவள் அவள்தானே!

"மிதிங்க! அட மிதிங்கய்யா, நெல்லு நாசமாப் போனாப் போவட்டும்!"

நாற்காலியோடு கூட்டத்தை இடித்துக்கொண்டு நெல்லில் இறங்கினாள். பின்னாலேயே எல்லாரும் இறங்கினார்கள்.

ஆட்டம் நின்றது. கட்டடமும் நின்றது. வானதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஒண்ணும் இல்லடி, பொழைச்சோம்" என்று எழில்மொழியும் சேர்ந்து அழுதாள்.

களம் அடுப்பாகக் கொதித்தது. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றவர்களில் ஒருவர் போர்டிகோவைப் பார்த்து நடந்தார். அப்புறம் இன்னொருவர்.

"ஏய், எங்க போறீங்க? கிட்டப் போவாதீங்க!"

"செருப்ப எடுத்துட்டு வந்துடறோம்மா. காலு பொத்துப் போவுது."

எழில்மொழி சுற்றுமுற்றும் பார்த்தாள். "சதீஷ் எங்கடி?"

வானதி வாசலைக் காட்டினாள். மற்றவர்கள் செருப்போடு திரும்பிவிட, அவன் மட்டும் போர்டிகோவின் அடியில், தோளில் பிள்ளையோடு, செருப்புக் குவியலைக் காலால் துழாவிக்கொண்டிருந்தான்.

எழில்மொழி களத்தின் ஓரம்வரை ஓடினாள். "பிள்ளையக் குடு தம்பி! வெளிய வா!"

கைநீட்டிப் பிள்ளையைக் கொடுத்தான். "இந்தாங்கக்கா. ஒண்ணு கெடச்சிருச்சு, மத்ததக் காணும்" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தான்.

தரை லேசாகத்தான் அசைந்தது. போர்டிகோ அப்படியே அவன்மேல் உட்கார்ந்தது.

பின்னால் வானதி அலறினாள். புழுதிக்குள் பிள்ளையை இறுக்கிக்கொண்டு நின்ற எழில்மொழிக்கு அப்போதுதான் உள்ளங்கால் சுட்டது. குனிந்து பார்த்தாள். காலில் செருப்பு இல்லை. எந்த நேரத்தில் கழற்றினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.