பொட்டு வைத்த ஓட்டை

இந்தக் காலத்து ஜனங்களிடம் எதையும் முழுசாக வாங்க முடியாது என்பது துலுக்காணத்தின் தீர்மானம். மேசை கேட்டால் நாலு பலகையும் ஒரு பை திருகாணியும் கொடுத்து நீயே பூட்டிக்கொள் என்கிறார்கள். கெட்டுப்போனால் போன் பண்ணு என்கிறார்கள். போன் பண்ணினால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு மெஷின் பேசுகிறது. ஏமாற்றியவனை முகத்துக்கு நேரே திட்டக்கூட வழியில்லாமல் பண்ணிவிட்டார்கள்.

மகள் துர்காதேவி கம்ப்யூட்டர் வாங்கியபோதும் அதே கதைதான். வந்தது எட்டு அட்டைப்பெட்டி. கவரைப்பேட்டை ஸ்டேஷன் ரோட்டில் கடை வைத்திருக்கும் பிரின்சி என்ற பெண் வீட்டுக்கே வந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பூட்டினாள். துலுக்காணம் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு கண்ணெடுக்காமல் பார்த்தார். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் முப்பது வருஷம் கிரேன் கொக்கியோடு மல்லுக்கட்டியவர் அவர்; அவர் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. ஆனாலும் நடுவில் ஒரு தடவை ஒண்ணுக்குப் போக எழுந்துவிட்டார். அந்த ஐந்து நிமிஷம்தான் பிற்பாடு அவர் மனசில் பெரிசாக வளர்ந்தது.

அன்று சாயங்காலம் கம்ப்யூட்டர் நன்றாகத்தான் பாடியது. துர்காவுக்கு முகமெல்லாம் பல். பேட்டரி கம்பெனி ஷிப்டை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தபடியே தமிழிலும் தெலுங்கிலும் வாடிக்கையாளர்களோடு பேசுகிற வேலைக்கு மனு போட்டிருந்தாள். திங்கட்கிழமை அவளைப் பேசவைத்துப் பார்க்கப் போகிறார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. துர்கா கம்பெனிக்குப் போன பிறகு துலுக்காணம் குளித்துவிட்டுச் சந்தனம் குழைத்தார். அவர் ஜனம் பழவேற்காட்டில் படகுக்குப் புது இன்ஜின் ஏற்றினால்கூட, முகப்பில் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். கம்ப்யூட்டரின் முகப்பில், விளக்கு எரிகிற இடத்துக்குக் கீழே, இரண்டு சின்ன வட்டக்குழிகள் இருந்தன. பொட்டுக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. கட்டைவிரலால் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, மேலே குங்குமம் வைத்துக் கும்பிட்டார்.

சாயங்காலம் துர்கா போட்டுப் பார்த்தாள். படம் வந்தது. சத்தம் வரவில்லை.

"பேஜாரா போச்சு நைனா. அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணிட்டேன். நாளிக்கு மத்தியானம் வரேன்னா."

மத்தியானம் வரைக்கும் துலுக்காணத்தால் பொறுக்க முடியவில்லை. காலையில் நாஷ்டாகூடச் சாப்பிடாமல் ஸ்டேஷன் ரோட்டுக்கு நடந்தார். பிரின்சியின் கடைக்குப் பக்கத்தில் டீக்கடை. பெஞ்சில் ஆறேழு பேர். ரைஸ்மில் மோகன்ராஜ் தன் கம்ப்யூட்டரை ரிப்பேருக்குக் கொண்டுவந்து கடை மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னாம்மே, ஏமாத்தறதுக்கு ஆள் கெடைக்கலியா உனக்கு?" ரோட்டில் நின்றபடியே கத்தினார். "நான் எழுந்து போன நேரம் பாத்து நல்ல சாமானக் கழட்டினு பழசை வெச்சுப் பூட்டிட்ட. ஒரு நாள் பாடுச்சு, மறுநாள் ஊமை!"

"தாத்தா, உள்ள வாங்க. மத்தியானம் நானே வந்து..."

"உள்ள வந்தா இன்னா, என்னையும் கழட்டிப் பூட்டுவியா?"

பெஞ்சில் சிரிப்பு எழுந்தது. மோகன்ராஜ் சிரிக்கவில்லை. தன் பெட்டியைப் பார்த்தான், பிரின்சியைப் பார்த்தான். "அப்புறமா கொண்டாரேம்மா" என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கி பைக்கில் கட்டிக்கொண்டு போய்விட்டான். பிரின்சியின் கையில் ஸ்க்ரூ டிரைவர் அப்படியே நின்றது.

மத்தியானம் துர்கா லீவு போட்டுவிட்டு வீட்டில் காத்திருந்தாள். பிரின்சி வரமாட்டாள் என்றுதான் துலுக்காணம் நினைத்தார். வந்தாள். முகம் கொஞ்சம் வீங்கியிருந்தது. ஸ்பீக்கர் வயரைப் பின்பக்கத்திலிருந்து பிடுங்கித் தன் போனில் செருகினாள்; பாட்டு வீட்டைத் தூக்கியது.

"ஸ்பீக்கர் நல்லாத்தான் கீதுக்கா."

வயரை மறுபடி கம்ப்யூட்டரில் செருகி, ஒரு பாட்டை ஓடவிட்டு, சத்தத்தை ஏற்றி இறக்கினாள். சத்தத்துக்கான சாப்ட்வேரை அழித்து மறுபடி ஏற்றினாள். பக்கக் கதவைத் திறந்து ஒவ்வொரு வயராக அழுத்தினாள். துலுக்காணம் இந்தத் தடவை அசையவில்லை. திடீரென்று அவள் திரையின் மூலைக்கு விரலைக் கொண்டுபோனாள்.

"ஹெட்போன்னு காட்டுது. ஹெட்போன் போட்டீங்களாக்கா?"

"நான் ஹெட்போனே இன்னும் வாங்கலியே!"

"முன்னாடி எதையோ செருகி வெச்சிருக்குன்னு இது நெனச்சுக்கினு கீது. அதான் பின்னாடி ஸ்பீக்கருக்குச் சத்தம் அனுப்பல."

பிரின்சி குனிந்து முகப்பைப் பார்த்தாள். பொட்டைப் பார்த்தாள். அவள் கழுத்துச் சங்கிலியில் சிலுவை தொங்கியது. ஒரு நிமிஷம் கையை நீட்டவில்லை.

"தாத்தா, வந்ததுலேருந்து பொட்டு மேல கை படக் கூடாதுன்னுதான் பாத்துக்கினு இருந்தேன். இத்தத் தொடைக்கலாமா? தப்பா நெனைக்காதீங்க."

துலுக்காணம் தலையை ஆட்டினார்.

பொட்டைத் துடைத்தால் ஓட்டை முழுக்க மஞ்சளாகச் சந்தனம். காய்ந்து கல்லாகியிருந்தது. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, பல்குச்சியால் துளித்துளியாக எடுத்தாள். உள்ளே அமுங்கிக் கிடந்த ஒரு தகடு டிக்கென்று மேலே வந்தது. ஸ்பீக்கர் சட்டென்று பாடியது.

துர்கா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. பிரின்சி சந்தனப் பொடியைக் காகிதத்தில் மடித்து, காலில் மிதிபடாமல் ஜன்னலில் வைத்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு போனாள். அந்தக் காகிதத்தைப் பார்க்கப் பார்க்க துலுக்காணத்துக்கு உடம்பு கூசியது. சோறு போட்டு வைத்தாள் மகள். தட்டில் ஈ உட்கார்ந்தது.

ஐந்து மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

"எங்க நைனா?"

"காலைல போன எடத்துக்குத்தான்."

சென்னை ரயில் வந்து போன நேரம். டீக்கடையில் காலையைவிடக் கூட்டம். மோகன்ராஜும் இருந்தான். துலுக்காணம் காலையில் நின்ற அதே இடத்தில் போய் நின்றார். மெதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடலாமா என்று ஒரு யோசனை வந்தது. காலையில் மெதுவாகவா சொன்னோம்?

"எல்லாரும் கேட்டுக்கங்க!" என்று கத்தினார். "அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. எந்தச் சாமானையும் மாத்தல. நான்தான் பொட்டு வெக்கறேன்னு ஓட்டைல சந்தனத்த அப்பிட்டேன். அதான் சத்தம் வரல. மோகன்ராஜ், உன் பொட்டிய அவகிட்டயே குடு."

பெஞ்சு வெடித்தது. "பெருசு, காதுல சந்தனத்த அடச்சா எப்படிக் கேக்கும்?" என்றான் ஒருத்தன். "கெடா வெட்டலியா?" என்றான் இன்னொருத்தன். துலுக்காணம் அசையாமல் நின்று வாங்கிக்கொண்டார். காது மடல் எரிந்தது. மோகன்ராஜ் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காலைல எடுத்தாரேன்" என்றான், கடைப் பக்கம் பார்த்து.

பிரின்சி வாசலில் நின்றிருந்தாள். "விடுங்க தாத்தா. இதப் போயி ரோட்டுல... வாங்க, டீ சொல்றேன்."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் செருப்பைப் பார்த்தபடி கேட்டார்:

"ஒண்ணு சொல்லு. மூஞ்சில ஓட்டை வெச்சது யாரு?"

"கம்பெனியில வெக்கறாங்க தாத்தா. முன்னாடி இருந்தா செருக வசதி."

"செருகற ஓட்டைய முதுகுல வெக்கணும். மூஞ்சில பொட்டு சைஸுக்கு ஓட்டை வெச்சா, மனுசன் பொட்டு வெக்காம இன்னாத்த வெப்பான்?"

"ஹெட்போன் வெப்பாங்க தாத்தா."

பெஞ்சில் மறுபடி சிரிப்பு. துலுக்காணம் டீக்கு நிற்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரயில்வே கேட் பக்கம் நடந்தார். அவள் மேல் தப்பில்லை, அதில் பேச்சில்லை. தன் மேல்தான் தப்பு, அதையும் நாலு பேர் முன்னால் சொல்லியாகிவிட்டது. இருந்தாலும் மூஞ்சியில் ஓட்டை வைத்தானே ஒருத்தன், அவன் சரியான ஆள் இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.