ராஜி எழுதிக் கொடுத்தவன்

மட்டாஞ்சேரியில் காலரா பரவிய எழுபத்து மூன்றாம் வருஷம், படகுத்துறைக்கு எதிரே இருந்த லாட்ஜில் அறை துடைக்கும் சங்கிலிப்பாண்டிக்கும் ஒரு வியாதி வந்தது. காலரா இல்லை, பயம். தங்க வந்தவர் யாராவது கக்கூஸ் கதவை இரண்டு தடவை சாத்தினால் போதும், இவன் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். பினாயில் விட்டுக் கழுவிக் கழுவிக் கைத்தோல் உரிந்தது. சுள்ளிக்கலில் இருந்த ஒற்றை அறை வீட்டுக்குத் திரும்பினால், மனைவி மாடத்தி வாசலிலேயே நிறுத்தித் தலையோடு தண்ணீர் ஊற்றிய பிறகுதான் பிள்ளைகள் பக்கம் விடுவாள்.

அரண்மனையையும் யூதர் கோவிலையும் பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பெட்டி கட்டினார்கள். மிஞ்சியது ஏழாம் நம்பர் அறையில் ஒரு துணி வியாபாரி. ஒரு மத்தியானம் அவரும் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டுவிட்டார். சமையல்காரர் முதல் முதலாளி வரை எல்லோரும் மாடிப்படிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்களே ஒழிய, ஒருத்தரும் காலெடுத்து வைக்கவில்லை. சங்கிலிப்பாண்டிதான் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். வியாபாரி பிழைத்துக்கொண்டார்.

தூக்கியவன் பாடுதான் திண்டாட்டம். மறுநாளே அவனுக்குத் தனி கிளாஸ். சாயாவைத் தூரத்தில் வைத்துவிட்டு நகர்ந்தார்கள். "தமிழன்மாராணு தீனம் கொண்டுவந்நது" என்று சமையல்காரர் அவன் காதுபடவே வியாதிக்குத் தமிழர்கள் மேல் பழி போட்டார். மூன்றாம் நாள் முதலாளி அவனை வாசலோடு நிறுத்திவிட்டார்.

அவனுக்கென்று இருந்தவர் மானேஜர் வெங்கிடாசலம் மட்டும்தான். பாலக்காட்டு ஐயர். ஒன்பது வருஷமாக அவனோடு தமிழிலேயே பேசியவர். அவன் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கித் தந்தவரும் அவர்தான். அன்று சாயங்காலம் மலையாளத்தில் எழுதிய ஒரு தாளோடு, லாட்ஜ் வாசலில் நின்றிருந்தவனிடம் வந்தார்.

"பயப்படாதேடா. முதலாளிகிட்ட பேசிட்டேன். ராஜி எழுதிக் குடுத்தாப் போறும். கையெழுத்துப் போடு."

"ராஜியா சாமி? அவரு ஒத்துக்கிட்டாரா?"

"அவர்தானே கேக்கறார்."

சண்டை தீர்ந்து சமாதானமாவதைத்தான் அவன் ஊரில் ராஜி என்பார்கள். வரப்புத் தகராறு போலீஸ் ஸ்டேஷன் வரை போனாலும் கடைசியில் ராஜிதான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க நல்லாயிருக்கணும் சாமி" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான். எப்போது வேலைக்கு வரட்டும் என்று கேட்டான்.

"தீனம் அடங்கட்டும்" என்றார் வெங்கிடாசலம், தாளை மடித்தபடி.

ஜனவரியில் அடங்கியது. படகுகளில் வெள்ளைக்காரர்கள் மறுபடி வந்து இறங்கினார்கள். மாடத்தி கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்த காக்கிச் சட்டையோடு சங்கிலிப்பாண்டி லாட்ஜுக்குப் போனான். எதற்கு வந்தாய் என்று காவல்காரர் மறித்தார்.

"நீ ராஜி வெச்சு போயதல்லே? பின்னெ எந்தினா வந்நது?"

"ராஜிதான் ஆயிருச்சே. அதான் வந்துட்டேன்."

காவல்காரர் சிரித்துவிட்டார். பிறகு அவன் முகத்தைப் பார்த்துப் பாவமாகி, மெதுவாக விளக்கினார். இங்கே ராஜி என்றால் தானாக வேலையை விட்டு விலகுவது. காலரா நோயாளியைத் தொட்டவன் ஒழிந்தான் என்று டூரிஸ்ட் கம்பெனிக்காரர்களுக்குக் காட்ட முதலாளிக்கு அந்தத் தாள் தேவைப்பட்டதாம்.

சங்கிலிப்பாண்டிக்கு மலையாளத்தில் சாயா கேட்கத் தெரியும், சண்டை போடத் தெரியும், படிக்கத்தான் தெரியாது. வேலையை விடுவதற்கு என்ன சொல்வார்கள் என்று தெரிந்துகொள்ள அவசியமே வந்ததில்லை. முதலாளி மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை. அவர் முதலாளி, அப்படித்தான் இருப்பார். ஆனால் வெங்கிடாசலத்துக்கு இரண்டு பாஷையும் தெரியும். அதை நினைக்க நினைக்கத்தான் வயிறு பற்றி எரிந்தது.

காவல்காரரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். மேஜைக்குப் பின்னால் வெங்கிடாசலம் எழுந்து நின்றார்.

"நான் பொய் சொல்லலையேடா. ராஜின்னுதானே சொன்னேன்" என்றார், குரலைத் தாழ்த்தி.

"எந்தப் பாசையில சொன்னீங்க சாமி?"

அவர் வாய் திறப்பதற்குள் மாடிப்படியில் முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டது. வெங்கிடாசலம் மேலே பார்த்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். பிறகு, முன்பின் தெரியாத ஆளிடம் பேசுவது போல, தமிழே புரியாதவராக, மலையாளத்தில் உரக்கச் சொன்னார்:

"நீ எந்தா ஈ பறயுந்நது? எனிக்கு ஒந்நும் மனசிலாகுந்நில்ல."