திரையில் ஒரு பெருமூச்சு

1.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்கு இரவல். திறந்த மூல மென்பொருள்களைப் பற்றி என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று இலவசமாக வைத்த நிரல்கள். பேச்சைக் கேட்டு உடனே எழுத்தாக்கித் திரையில் காட்டும் நிரல் ஒன்றில் எதை, ஏன் மாற்றினார்கள் என்று எழுதிவைத்த குறிப்புகளை மேய்ந்துகொண்டிருந்தேன். எல்லாம் காய்ந்த வரிகள். நடுவில் ஒன்று: "முந்தைய மாற்றம் திரும்பப் பெறப்பட்டது. காரணம்: அக்கா கேட்டாள்."

கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது.

2.
அந்த அக்கா யாரென்று எனக்குத் தெரியாது. ஆகவே நானே உண்டாக்குகிறேன்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அக்கா— (வேண்டாம். கதை எழுத உட்கார்ந்தாலே எனக்கு மழை வந்துவிடுகிறது.)

அக்கா கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவள். ஒரு காய்ச்சலில் காது போயிற்று. அதன் பிறகு தம்பியோடும் அவன் மனைவியோடும் இருக்கிறாள். அவளுக்காகத்தான் தம்பி அந்த நிரலை எழுதினான். சாப்பாட்டு மேசையில் சாய்த்து வைத்த பழைய டேப்லெட்டில் வீட்டார் பேச்சு ஓடும். "ம்ம்", "அது வந்து", [சிரிப்பு], [பெருமூச்சு] எல்லாம் விழும். பிறகு ஊருக்கே உதவட்டும் என்று பொதுவில் வைத்தான்.

3.
'வாலு' என்ற புனைபெயர்க்காரர்* ஒரு திருத்தம் அனுப்பினார். தயங்கல், இருமல், சிரிப்பு, பெருமூச்சு எல்லாவற்றையும் வடிகட்டிச் சொற்களை மட்டும் காட்டும். அலுவலகக் கூட்டங்களுக்குப் பயன்படுத்துகிறவர்கள் கொண்டாடினார்கள். தம்பி ஏற்றுக்கொண்டான்.

(அவனைச் சோம்பேறியாக்கிவிடலாமா என்று யோசித்தேன். இல்லை. நிரல் சரியாகப் பிடிக்காமல் ஒன்றையே மூன்று தரம் சொல்ல நேர்ந்தால் வீட்டில் யாருக்குமே மூச்சு கொஞ்சம் நீண்டுதான் வரும். அது அக்கா கண்ணில் பட வேண்டாம் என்று நினைத்தான். பாசம்தான். ஆனால் அவளைக் கேட்கவில்லை.)

* ஆணா பெண்ணா தெரியாது. இந்த நிரல் உலகில் வருடக்கணக்காகத் தங்களோடு சேர்ந்து உழைத்தவரின் முகத்தையே பார்த்திருக்க மாட்டார்கள்.

4.
அந்த வாரமே அக்கா குழம்பினாள்.

"உன் பொண்டாட்டிக்கு என்மேல என்ன கோபம்?"

"ஒண்ணும் இல்லையே. ஏன்?"

"உப்பு போதுமானு கேட்டா 'போதும்'னு வெடுக்குனு வருது. நீயுந்தான். முன்னல்லாம் ஒரு 'ம்ம்' இருக்கும், ஒரு சிரிப்பு இருக்கும். இப்ப எல்லாரும் தந்தி அடிக்கிறீங்க."

அவன் உண்மையைச் சொன்னான். மறைக்கத் தெரியாதவன். நாலே வரிகள்தான் திரையில் விழுந்தன. அக்கா அவற்றை ரொம்ப நேரம் படித்தாள்.

"பெருமூச்சு விட்டா விட்டுட்டுப் போங்கடா. நானுந்தான் உங்களைப் பார்த்து விடுறேன். உங்களுக்கெல்லாம் கேக்குதுல்ல? அப்ப எனக்கும் அதைக் குடு."

எனக்கு இவளைப் பிடித்துவிட்டது. எழுதுகிறவன் அப்படிச் சொல்லக் கூடாதாம். சொல்லிவிட்டேன்.

5.
தொழில் தெரிந்த வாசகர் கேட்பார்: "இதுக்கு எதுக்குத் திரும்பப் பெறணும்? வேணுங்கறவங்க வெச்சுக்க, வேண்டாதவங்க அணைச்சுக்க ஒரு பொத்தான் போதுமே." நியாயம். வாலுவும் அதையேதான் கேட்டார், பின்னால் அப்படியே செய்தும் கொடுத்தார். ஆனால் அக்காவுக்கு அன்றைக்கே வேண்டியிருந்தது. தம்பி பழையபடி மாற்றும் வரை அவள் சாப்பிட உட்காரவில்லை.

6.
முடிவு ஒன்று: திரையில் [சிரிப்பு] விழுகிறது, எல்லோரும் சாப்பிடுகிறார்கள். (இனிப்பு தூக்கல்.)

முடிவு இரண்டு: அக்கா தனி வீடு பார்த்துப் போகிறாள். போகும்போது தம்பி— (அவளுக்கு இஷ்டமில்லை. எனக்கும் மனசு வரவில்லை.)

மூன்றாவதில் பாதிதான் என்னிடம் இருக்கிறது. அக்கா டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, தம்பி முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்துக் கேட்கிறாள்:

"நான் இங்க இருக்கறது உங்களுக்குப் பாரமா இருக்கா?"

அவன் "இல்லக்கா" என்கிறான். அந்தச் சொல் எனக்கு நிச்சயம். அதற்கு முன்னால் என்ன வந்தது என்பதுதான் தெரியவில்லை. "ம்ம்" வரலாம். சிரிப்போ பெருமூச்சோ வரலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். நான் நிரப்பப் போவதில்லை. நீங்களும் ஒரு வீட்டில் நாலு பேரோடு இருக்கிறவர்தானே, நீங்களே போடுங்கள். அக்கா படித்துக்கொண்டிருக்கிறாள், பார்த்துப் போடுங்கள்.

[          ] இல்லக்கா.