மாதக் கடைசி விருந்தாளிகள்

மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, அந்த மாதம் நாம் படித்த புத்தகங்களில் உள்ளவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவார்கள். அதனால்தான் எங்கள் ஊரில் யாரும் போர் நடக்கிற சரித்திர நாவல்களை மழைக்காலத்தில் தொடுவதில்லை. அத்தனை குதிரைகளையும் எங்கே கொண்டு போய்க் கட்டுவது?

சந்தானலட்சுமிக்கு இந்த விருந்து என்றால் கொள்ளை ஆசை. வாரம் முழுக்க வங்கியில் அடுத்தவர் பணத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தான் படித்தவர்களைப் பந்தியில் வரிசையாகப் பார்க்கும்போது அவள் முகமே வேறாகிவிடும். கணவர் அம்பலவாணன் ஸ்கூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். ஒருமுறை அவர் ரிப்பேர் கையேடு ஒன்றைப் படித்துத் தொலைத்ததில், மாதக் கடைசியில் ஒரு கார்புரேட்டர் வந்து இலை முன்னால் உட்கார்ந்தது. எவ்வளவு வற்புறுத்தியும் ஒரு வாய் சாப்பிடவில்லை. அதிலிருந்து அவர் படிப்பை விட்டுவிட்டுத் தேங்காய் துருவிக் கொடுப்பதோடு சரி.

இந்த மாதம் கூட்டம் குறைவுதான். துப்பறியும் நாவலிலிருந்து இன்ஸ்பெக்டர் ஒருவர். கவிதைத் தொகுப்பிலிருந்து ஒரு சிறிய மழை. அதற்கு மொட்டை மாடியில் இலை போட்டார்கள். பிறகு, தலையணை பருமனில் இருந்த குடும்ப நாவலிலிருந்து லாரி டிரைவர் கதிர்வேலுவும் அவர் மனைவி சொர்ணமும்.

மோர் ஊற்றுவதற்கு முன்னால், படித்தது எப்படி இருந்தது என்று வீட்டுக்காரர் ஒவ்வொருவரிடமும் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். அது மரியாதை.

"கொலைகாரன் யாருன்னு எனக்கு உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சுடுச்சு சார்" என்றாள் சந்தானலட்சுமி. இன்ஸ்பெக்டர் தலையைக் குனிந்துகொண்டு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். மாடிக்குப் போய், மனசுக்கு இதமாக இருந்தது என்று மழையிடம் சொன்னாள். அது இலையை மடித்துவிட்டுப் போனது.

சொர்ணம் மட்டும் இலையில் கை வைக்கவே இல்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். இவரை நான் எதுக்குக் கட்டிக்கிட்டேன்?"

சந்தானலட்சுமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் காதலித்த அத்தியாயத்தை அவள் படிக்கவில்லை. லாரி, சுங்கச்சாவடி, வெங்காய விலை என்று ஆரம்பமே இழுத்ததால், பக்கங்களைத் தள்ளிக்கொண்டு நேரே கல்யாணத்துக்குப் போய்விட்டாள். படிக்காததை விருந்தாளிகள் எங்கிருந்து தெரிந்துகொள்வார்கள்?

"சண்டை ஞாபகம் இருக்கு. புள்ளைங்க பொறந்தது ஞாபகம் இருக்கு. இவரைப் புடிச்சது மட்டும் ஞாபகத்துல இல்லை. புடிக்காமலேவா இத்தனை பக்கம் குடும்பம் நடத்தினேன்? நான் திரும்பிப் போகலைக்கா. இங்கயே எங்கயாவது தையல் வேலை பாத்துக்கறேன்."

கதிர்வேலுவின் கண்ணீர் சாம்பாரில் விழுந்தது. விளக்கு வைப்பதற்குள் விருந்தாளிகள் திரும்பிவிட வேண்டும். இல்லையென்றால் புத்தகத்தில் அவர்கள் இருந்த இடமெல்லாம் வெறும் தாளாகிவிடும். மனைவி இல்லாத பாதி நாவலில் அந்த மனிதர் எப்படிக் காலம் தள்ளுவார்? விட்டதைப் படித்துக் காட்டலாம் என்றால் புத்தகம் வீட்டில் இல்லை. எதிர்வீட்டு நாச்சியார் அதை இரவல் வாங்கிக்கொண்டு பழனிக்குப் போயிருந்தாள்.

சந்தானலட்சுமி அடுப்படிக்குள் போனாள்.

"நம்ம கதையைக் குடுத்துடலாமாங்க?"

கொடுத்தால் கொடுத்ததுதான், அப்புறம் இருவர் நினைவிலும் இருக்காது. அம்பலவாணன் துருவிக்கொண்டிருந்த தேங்காயைக் கீழே வைத்தார். அவருக்கு அது பிடித்தமான கதை. கடையில் வேலை இல்லாத நேரங்களில் அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்.

"குடுத்துடு லட்சுமி" என்றார் கடைசியில். "நமக்கு நாள் ஓடிடுச்சு. அவங்க பாதிப் பக்கத்துல நிக்கறாங்க."

சந்தானலட்சுமி கூடத்துக்கு வந்து உட்கார்ந்து சொன்னாள். வங்கிப் பரீட்சை. பாதியில் பேனா மை தீர்ந்துவிட்டது. முன்வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்துத் தன் பேனாவைக் கொடுத்துவிட்டு, மீதி நேரம் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் தேறினாள், அவர் தோற்றார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கத் தேடிப் போனவள், கொடுக்காமலே திரும்பி வந்தாள்.

சொர்ணம் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். கதிர்வேலுவின் விரலில் மைக்கறை இருந்தது.

"எனக்காகவா தோத்தீங்க?" என்று கேட்டு, தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து அவர் இலையில் வைத்தாள். பொழுது சாயும் முன் இருவரும் பேசிக்கொண்டே தெருமுனை தாண்டிப் போனார்கள். பார்க்கப் பார்க்கச் சந்தானலட்சுமிக்கு வயிறு நிறைந்தது.

பிறகு வீடு அமைதியாகிவிட்டது. அம்பலவாணனும் அவளும் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"ஏங்க, உங்களை நான் எதுக்குக் கட்டிக்கிட்டேன்?"

அம்பலவாணன் யோசித்துப் பார்த்தார். "தெரியலையே லட்சுமி. நல்ல காரணமாத்தான் இருந்திருக்கும்."

அப்போது நாச்சியார் பஞ்சாமிர்தத்தோடு வந்து புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "முதல்ல ஒரு அத்தியாயம் சும்மா கெடக்குது, யார் பேருமே அதுல இல்லை" என்று குறைப்பட்டுக்கொண்டு போனாள்.

சொர்ணமும் கதிர்வேலுவும் பேனாக் கதைக்குப் போய்விட்டார்களே, சும்மா கிடப்பதை எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. சந்தானலட்சுமி இந்த முறை ஒரு வரி விடாமல் வாய்விட்டுப் படித்தாள். சுங்கச்சாவடியில் பஸ் பழுதாகி நிற்கும் பெண், வெங்காய லாரியை ஓரங்கட்டும் டிரைவர், ஏற முடியாத உயரப் படி, மேலேயிருந்து நீளும் ஒரு கை. அம்பலவாணன் கண்ணை மூடிக் கேட்டார். படித்து முடித்ததும் அவளுக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது.

வாசலில் யாரோ ஹாரன் அடித்தார்கள். லாரி ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் ஆட்டோக்காரர் கத்திக்கொண்டிருந்தார். அம்பலவாணன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய், ஏறி உட்கார்ந்து, அவளைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"கதவைப் பூட்டிட்டு வா லட்சுமி. சந்தைக்கு நேரமாச்சு. வெங்காயம் அழுகிடும்."